மாரி வரும்

இங்கன உக்காரலாமா தாயி? பஸ்ஸுல வேற இடமே இல்லை. நீ நகர வேண்டாம், பிள்ளை தூங்குது. பையை நான் மடியில வச்சுக்கறேன். பொம்பளப் பிள்ளையா? பேர் வச்சாச்சா?

ஆத்யாவா. நல்ல பேர்தான். நல்ல பேர்தான், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா இந்தப் பிள்ளை எல்கேஜி சேர்ற அன்னைக்கு அதே கிளாஸ்ல இன்னும் மூணு ஆத்யா உக்காந்திருக்கும். கோவிச்சுக்காத. நான் சொன்னா நடக்கும், அதான் சங்கடமே. இதுக்காகவே எங்க தெருவுல மாசமா இருக்கறவுக என்னைக் கண்டா அடுத்த சந்துல திரும்பிருவாக. திரும்பிட்டுப் போகட்டும்.

நான் டீச்சர். கோவில்பட்டியில ஒரு நர்சரி ஸ்கூல்ல எல்கேஜி எடுக்கேன். செண்பகம் டீச்சர்னா தெரியும். வருஷா வருஷம் ஜூன் மாசம் புதுப் பிள்ளைக வருதுல்லா, அட்டெண்டன்ஸ் கூப்பிடறவ நான்தானே? எந்தப் பேர் வருது, எந்தப் பேர் போகுதுன்னு என் வாய்க்குத் தெரியும். முதல்ல எல்லாம் பிரியாவா இருந்துச்சு. சண்முகப்பிரியா, விஷ்ணுப்பிரியா, கிருஷ்ணப்பிரியா. அப்புறம் எல்லாப் பேருக்கும் வால் மாதிரி ஒரு ஸ்ரீ வந்து ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் ஷினி. ஹர்ஷினி, தர்ஷினி, வர்ஷினி. மூணையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சுட்டு ஒண்ணைக் கூப்பிட்டா மூணும் எந்திரிக்கும். ஒவ்வொண்ணையும் அது வர்றதுக்கு முன்னாடியே சொன்னவ நான். ஸ்டாஃப் ரூம்ல வேணா கேட்டுப் பாரு. "டீச்சர், அடுத்து என்ன?"ன்னு என்கிட்டத்தான் கேப்பாக.

எப்படின்னு கேக்கறியா? மந்திரமா மாயமா, ஒண்ணும் கிடையாது. கேக் கடையில போய் நின்னு பாரு. ஒரே பேரைக் க்ரீம்ல திரும்பத் திரும்ப எழுதறான்னா அந்தப் பேர் ஊருக்குள்ள வந்துருச்சுன்னு அர்த்தம். அதே பேரை ஆட்டோவுக்குப் பின்னாடி பெயின்ட்ல எழுதிட்டான்னா முடிஞ்சுது, இனிமே அது இறங்குமுகம். வசந்தமாலைன்னு ஒரு பேர் திரும்ப வரும்னு ஒருக்கச் சொன்னேன். வரலை. வரலைன்னா என்ன? இன்னும் வரலை. அவ்வளவுதான்.

என் தம்பி ஒருத்தன் இருக்கான், ஞானவேல். சாத்தூர்ல கரண்ட் ஆபீஸ்ல வேலை. அவனுக்கும் எனக்கும் வயசு வித்தியாசம் நிறைய. அவன் ரெண்டாப்பு படிக்கும்போது அம்மா போய்ட்டாக. தீப்பெட்டி ஆபீஸ்ல தீக்குச்சியைக் கட்டையில அடுக்கப் போன மனுஷி, நெஞ்சு வலின்னு சொல்லிட்டுப் படுத்தவுக, எந்திரிக்கலை. அப்புறம் அவனைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, படிக்க வச்சு, வேலைக்கு அனுப்பி, மதுரையில பொண்ணு பாத்துக் கட்டி வச்சது வரைக்கும் நான்தான். எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்லை. அதை நெனச்சு வருத்தமும் இல்லை. வருத்தப்பட நேரம் எங்க இருந்துச்சு?

பொண்டாட்டி பேர் ரேணுகா. நல்ல பொண்ணுதான். நான் பாத்த பொண்ணு, நல்லாத்தான் இருக்கும். ஆனா வயித்துல ஒரு புழுப்பூச்சி தங்கலை. மதுரையில பாத்தாச்சு, திருநெல்வேலியில பாத்தாச்சு, ஊசி போட்டுப் போட்டு அந்தப் பிள்ளைக்குக் கையெல்லாம் கன்னிப்போச்சு. கடைசியில சாத்தூர்ப் பக்கம் ஆத்தங்கரையில இருக்கற மாரியம்மன் கோயில்ல போய், பிள்ளை பிறந்தா கரும்புத் தொட்டில் கட்டறேன்னு வேண்டிக்கிட்டா. நான்தான் கூட்டிட்டுப் போனேன். அடுத்த ஆடிக்குள்ள தங்கிருச்சு. பொம்பளப் பிள்ளை.

பேர் விஷயம் அங்கதான் ஆரம்பம்.

ரேணுகா அப்பா எண்கணிதம் பாக்கறவர்கிட்டப் போய்க் கேட்டுட்டு வந்து "தன்விகா"ன்னாரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏன்னா ‘விகா’ அப்பத்தான் கிளம்பி வந்துக்கிட்டிருக்கு. சான்விகா, ரித்விகா, தன்விகா. கேக் கடையில நான் பாத்துட்டேன். "ஏலே ஞானம், வேண்டாம்டா, இந்தப் பேர் கொசு மாதிரிப் பெருகப் போகுது"ன்னு சொன்னேன். அவன் வழக்கம்போலத் தரையைப் பாத்தான்.

"அப்ப நீங்க என்ன சொல்றீங்க மதினி?"ன்னு ரேணுகா கேட்டா.

நான் சொன்னேன், மாரி.

வெறும் மாரி. அம்மா கிம்மா ஒண்ணும் வேண்டாம், மாரி. ரெண்டே எழுத்து. யோசிச்சுப் பாரு தாயி. நீளப் பேரெல்லாம் வச்சு வச்சு ஜனங்களுக்கு வாய் வலிச்சுப் போச்சு. அடுத்தது சின்னப் பேர்தான் வரும். நிலா வந்துச்சா? இசை வந்துச்சா? அந்த வரிசையில அடுத்தது மழை, மழைக்கு நல்ல தமிழ் மாரி. மெட்ராஸ்ல பெரிய வீட்டுக்காரவுகதான் முதல்ல வைப்பாக, அப்புறம் அங்கிருந்து இறங்கி இங்க வரும். வரும்போது நம்ம வீட்டுப் பிள்ளை முதல் ஆளா நிக்கும். நான் பாத்தது முழுக்க முழுக்கக் கணக்கு.

எங்கம்மா பேர் மாரியம்மாதான். ஊர்ல எல்லாரும் ஏ மாரி, ஏ மாரின்னுதான் கூப்பிடுவாக. அவுக போன பிறகு எங்க வீட்டுல அந்தப் பேரை யாரும் சத்தமாச் சொன்னதில்லை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. அதை நான் அன்னைக்கே தெளிவாச் சொல்லிட்டேன்.

ரேணுகா அப்பாவுக்கு முகம் சுருங்கிப் போச்சு. "பாத்திரம் விளக்க வர்ற அம்மா பேர் மாதிரியில்ல இருக்கு"ன்னாரு. "பிள்ளை வேணும்னு யார்கிட்டப் போய் நின்னீங்க? மாரியம்மாகிட்டத்தானே? வரம் குடுக்கும்போது பெரிய சாமி, பேர் வைக்கும்போது மட்டும் பாத்திரம் விளக்கறவளா?"ன்னு கேட்டேன். 

ரேணுகாதான் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னா. "மதினி, இத்தனை வருஷமா யார் யாரோ சொன்னதையெல்லாம் கேட்டேன். இந்த மருந்தைச் சாப்பிடுன்னா சாப்பிட்டேன், இந்தக் கோயிலுக்குப் போன்னா போனேன். இந்த ஒண்ணையாவது நானே வச்சுக்கறேனே"ன்னா. கண்ணெல்லாம் கலங்கி இருந்துச்சு. பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும். பேர் வைக்கறதுக்கும் மருந்து சாப்பிட்டதுக்கும் என்ன சம்பந்தம்னு நீயே சொல்லு.

எங்க வழக்கத்துல அத்தைதான் பேர் சொல்லணும். பிள்ளையை மடியில வாங்கி, நாக்குல சர்க்கரைத் தண்ணி தொட்டு வச்சு, காதுல மூணு தடவை. அது என் உரிமை. அதை ரேணுகா அப்பா வந்தாலும் மாத்த முடியாது.

சாத்தூர்ல ஒரு சின்ன மண்டபத்துல விசேஷம். ஜோடனை எல்லாம் பலம். மேடையில பெரிய எழுத்துல தெர்மாகோல்ல தன்விகான்னு வெட்டி ஒட்டியிருக்கு. வீடியோ எடுக்கற தம்பி வந்து, "அத்தை பேர் சொல்றது நல்லாக் கேக்கணும்"னு என் சேலையில ஒரு சின்ன மைக்கைக் குத்தி விட்டுட்டுப் போய்ட்டாரு. பிள்ளையைக் கொண்டாந்து என் மடியில வச்சாக. சூடா இருந்துச்சு தாயி, இப்பத்தான் தோசைக்கல்லுல இருந்து எடுத்த மாதிரி. கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பாத்துச்சு.

குனிஞ்சேன். "மாரி"ன்னு சொன்னேன்.

மண்டபம் பூரா ஸ்பீக்கர்ல "மாரி"ன்னு கேட்டுச்சு.  ரெண்டாவது தடவையும் மாரின்னேன். ரேணுகா அப்பா நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சாரு. எந்திரிச்சா எந்திரிக்கட்டும், ஆரம்பிச்சதைப் பாதியில விடக் கூடாதுன்னு மூணாவது தடவையும் சொன்னேன். அது சும்மா காதுல விழற சொல்லு இல்லை, எழுதி வைக்கற மாதிரி. அப்புறம் அழிக்க முடியாது.

ரேணுகா ஓடி வந்து பிள்ளையை வாங்கிட்டா. திட்டலை.  அவ திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு சுவத்தைப் பாத்து நின்னா.

ஞானம்தான் என்னை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தான். "ஏன்க்கா இப்படிப் பண்ணின?"ன்னான். "நான் என்னடா பண்ணினேன், நல்லதுதானே பண்ணினேன்?"னேன். அவன் முகமெல்லாம் வேர்த்திருந்துச்சு. "இனிமே வீட்டுக்கு வராதக்கா"ன்னான்.

எங்கிட்ட அவன் அதுவரைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது இல்லை. முதல் தடவையாப் பேசினது அந்த வார்த்தை. சரிடான்னு செருப்பை மாட்டிட்டு வந்துட்டேன். அந்த மைக் என் சேலையிலயே இருந்துச்சுன்னு பஸ்ஸுல ஏறினப்புறம்தான் பாத்தேன்.

அதுக்கப்புறம் நாலு வருஷமா நான் போகலை, அவன் வரலை. தீபாவளிக்கு ஒரு போன் பண்ணுவான். "நல்லாருக்கியாக்கா?" "இருக்கேன்." "மாத்திரை சாப்பிடறியா?" "சாப்பிடறேன்." அவ்வளவுதான். பிள்ளை எப்படி இருக்குன்னு நானும் கேட்டதில்லை. கேட்டா எந்தப் பேரைச் சொல்லிக் கேக்கறது?

ஆனா நான் சொன்னது நடந்துச்சா இல்லையா? அதைக் கேளு. இந்த ஜூன்ல என் கிளாஸ்ல ரெண்டு மாரி சேந்திருக்கு. ரெண்டு! ஒண்ணு மாரிச்செல்வம், பையன். பையனா இருந்தா என்ன, மாரி மாரிதானே? இன்னொண்ணு சுகுமாரி. சிரிக்காத தாயி. எங்க ஸ்டாஃப் ரூம்லயும் இப்படித்தான் சிரிச்சாக. சுகுமாரியில மாரி இருக்கா இல்லையா? வாயைத் திறந்து சொல்லிப் பாரு. சுகு... மாரி. வந்துருச்சு. வாசல் வரைக்கும் வந்துருச்சு, உள்ள வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அன்னைக்கே ஞானத்துக்குப் போன் போட்டேன். "ஏலே, மாரி வந்துருச்சுடா"ன்னேன். அவன் பதறிப்போய் "எங்கக்கா மழை? இங்க வெயில் கொளுத்துது"ன்னான். விளக்கிச் சொன்னேன்.  "மாத்திரை சாப்பிடறியாக்கா?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டான்.

இன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்து. அதே ஆத்தங்கரைக் கோயில்ல. என்னைக் கூப்பிடலை. ரேணுகா தங்கச்சி போன்ல ஸ்டேட்டஸ் வச்சிருந்தா, அதைப் பாத்துத்தான் தெரியும். கூப்பிடாத இடத்துக்குப் போகலாமான்னு நீ நெனைக்கலாம். கோயிலுக்குப் போறதுக்கு எவன் கூப்பிடணும்? காலையில குளிச்சு, நல்ல சேலையாக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

போய் இறங்கினா கூட்டம் நெரியுது. ஞாயித்துக்கிழமையில்லா. ஞானம் என்னைப் பாத்துட்டு வேகமா வந்தான். "எதுக்குக்கா வந்த?"

"சாமி கும்பிட வந்தேன்டா. கோயில் என்ன உன் மாமனார் வீடா?"

 ஆளு மெலிஞ்சிருந்தான், காது ஓரமெல்லாம் நரைச்சிருந்துச்சு. நான் போய்க் கூட்டத்துக்குப் பின்னாடி, தூண் ஓரமா நின்னுக்கிட்டேன். தாய்மாமன் மடியில பிள்ளை. தலை மொட்டை, சந்தனம் பூசியிருக்கு. முடி இல்லாததால நெத்தி நல்லா எடுப்பாத் தெரிஞ்சுது. அகல நெத்தி, நடுவுல லேசா ஒரு பள்ளம். ரேணுகா வீட்டுல யாருக்கும் அந்த நெத்தி கிடையாது, ஞானத்துக்கும் கிடையாது. எனக்கு அந்த நெத்தியைத் தெரியும். ஆசாரி கம்பியைக் குத்தினதும் அந்தப் பிள்ளை போட்ட சத்தம் இருக்கே! நான் தூணைப் பிடிச்சுக்கிட்டேன்.

முடிஞ்சதும் ஆளாளுக்குப் பிள்ளையை வாங்கறதும், போட்டோ எடுக்கறதும், பை எங்க, பழத்தட்டு எங்கன்னு கேக்கறதுமா ஒரே களேபரம். அவகிட்ட இருக்குன்னு இவ நெனச்சிருக்கா, இவகிட்ட இருக்குன்னு அவ நெனச்சிருக்கா. கடைசியில பாத்தா பிள்ளை யார் கையிலயும் இல்லை.

ரேணுகா முகம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. ரத்தமே இல்லை. "தன்விகா! தன்விகா!"ன்னு கத்திக்கிட்டு ஓடறா. அங்க பாதிப் பிள்ளைக மொட்டை, எல்லாத் தலையிலயும் சந்தனம், எதுன்னு கண்டுபிடிக்க? ஒரு பொம்பளை, "இந்தா இருக்கா தன்விகா"ன்னு ஒரு பிள்ளையைத் தூக்கிட்டு வருது. பாத்தா அது அவுக பிள்ளை, அது பேரும் தன்விகா! அந்த நேரத்துலயும் எனக்கு, நான் அன்னைக்கே சொன்னேனேன்னு தோணத்தான் செஞ்சுது. தோணினதை மறைப்பானேன். ஆனா ஆத்துப் பக்கம் படிக்கட்டு இருக்குன்னு நெனப்பு வந்ததும் அந்தப் பக்கமா ஓடப் பாத்தேன்.

கூட்டம் சுவர் மாதிரி நிக்குது, நுழைய இடமில்லை. எங்கிருந்து வந்துச்சோ தெரியலை, அடிவயித்துல இருந்து கத்தினேன். "மாரீ...! ஏ மாரீ...!"

அம்புட்டுத்தான். பக்கத்துல நின்ன கிழவி ஒண்ணு குலவை போட்டுச்சு. "ஆத்தா இறங்கிட்டா!"ன்னு ஒருத்தன் கத்தறான். எனக்குச் சாமி வந்துருச்சுன்னு நெனச்சுட்டாக தாயி! ஒருத்தி ஒரு குடம் மஞ்சத்தண்ணியை அப்படியே என் தலையில கவுத்தா. ஒருத்தி கையில வேப்பிலையைத் திணிக்கறா. ஒரு அம்மா முன்னாடி விழுந்து, "தாயே, என் மகனுக்கு ஒரு வழி காட்டு"ங்குது. "வழியை விடுங்க!"ன்னு கத்தினேன். அருள்வாக்குன்னு நெனச்சு எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே ரெண்டு பக்கமா ஒதுங்கிட்டாக. கூட்டம் அப்படியே பிளந்துச்சு.

அந்தக் கோடியில, வளையல் கடை ஓரத்துல, ஒரு மொட்டைத் தலை. திரும்பி என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

ஓடிப்போய்த் தூக்கிட்டேன். காதுல ரத்தம் லேசாக் காஞ்சிருந்துச்சு. அழலை. என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "நீங்க சாமியா?"ன்னு கேட்டுச்சு.

"இல்லைடா. நான் அத்தை."

"அப்ப ஏன் நனைஞ்சிருக்கீங்க?"

 "உன் பேர் என்ன?"ன்னு கேட்டேன். டீச்சர் புத்தி.

"தன்விகா ஜி. எங்க கிளாஸ்ல மூணு தன்விகா. நான்தான் இருக்கறதுலயே உசரம்"னு தலைக்கு மேல கையை வச்சுக் காட்டுச்சு. பெருமையாச் சொல்லுது தாயி! மூணு பேர் ஒரே பேர்ங்கிறது அதுக்கு ஏதோ கட்சி மாதிரி இருக்கு போல.

அதுக்குள்ள ரேணுகா வந்துட்டா. பிள்ளையை என் கையில இருந்து பிடுங்கலை. என்னோட சேத்துக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அந்த மஞ்சத்தண்ணி அவ பட்டுச்சேலையெல்லாம் ஆகிப்போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "மூணு தன்விகா. கேட்டுட்டீங்களா மதினி? சந்தோஷமா?"ன்னா. "சந்தோஷம்தான்"னேன். சிரிச்சுட்டா. சாப்பிடாமப் போகக் கூடாதுன்னு இலை போட்டு, பக்கத்துல நின்னு ரசத்துக்கு ரெண்டாவது தடவை சோறு வச்சா. ரேணுகா அப்பா எதிர் இலையிலதான் உக்காந்திருந்தாரு.  அப்பளத்தை மட்டும் ரெண்டு பேரும் சத்தமா நொறுக்கினோம்.

ஆனா ஒண்ணு. மாரின்னு கூப்பிட்டதும் அந்தப் பிள்ளை திரும்பிச்சு. நான் பாத்தேன். ரேணுகா சொல்றா, அந்தக் குலவைச் சத்தத்துக்கும் கூச்சலுக்கும் கோயில்ல இருந்த எல்லாப் பிள்ளைகளுமே திரும்பிச்சாம். சொல்லிட்டுப் போகட்டும். மூணு தடவை காதுல விழுந்த பேர் எங்க போகும்?

இப்ப சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல ஞானம்தான் வண்டியில கொண்டு வந்து இறக்கி விட்டான். நான் ஏறி ஜன்னல் ஓரமா நின்னதும், கீழ நின்னுக்கிட்டே சொன்னான். "அக்கா, வீட்டுக்கு வா. அடுத்த வாரமே வா. அந்தப் பேரை மட்டும் விட்டுரு, அக்கா."

"வர்றேன்டா"ன்னேன். "பேரை விடமாட்டேன்."

ரெண்டையும் சேத்துத்தான் சொன்னேன், ஒண்ணை வச்சுட்டு ஒண்ணை எடுக்க முடியாதபடிக்கு. பஸ்ஸு கிளம்பிருச்சு. கண்ணாடியெல்லாம் ஒரே தூசி, அவன் முகம் சரியாத் தெரியலை. தலையை ஆட்டினான். வேண்டாம்னு ஆட்டினானா, சரின்னு ஆட்டினானா? சரின்னுதான். அவனை வளத்தவ நான், எனக்குத் தெரியாதா?